சிறுகோள் படத்தில் விடுபட்ட சாய்வு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூமியின் பாதையைச் சிறுகோள் ‘வெட்டிச் செல்வது’ பற்றிய அண்மைச் செய்தியோடு ஒரு தட்டைப் படம் அச்சாகியிருந்தது. தாளில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டால் என்றாவது மோதிவிடும் என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். பூமியின் பாதைத் தளத்துக்குச் சிறுகோளின் பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைச் சொல்லாததால் வந்த வினை இது. செய்தியில் சொன்ன 23.4 டிகிரி பூமியின் அச்சுச் சாய்வு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் செரஸ், பல்லாஸ் இரண்டுக்கும் சூரியனிலிருந்து சராசரித் தூரம் ஏறக்குறைய 2.77 வானியல் அலகு (ஒரு அலகு சுமார் 15 கோடி கி.மீ.). தாளில் வரைந்தால் இரண்டின் பாதைகளும் வெட்டிக்கொள்ளும். ஆனால் பூமியின் பாதைத் தளத்துக்குச் செரஸ் 10.6 டிகிரியும் பல்லாஸ் 34.9 டிகிரியும் சாய்ந்து ஓடுகின்றன.

நிலவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால்தான் அமாவாசைதோறும் கிரகணம் வருவதில்லை. அந்தப் பாதை பூமியின் பாதைத் தளத்தைக் கடக்கும் இரண்டு புள்ளிகளையே பஞ்சாங்கம் ராகு, கேது என்கிறது. சிறுகோள் ஒவ்வொன்றுக்கும் இப்படி இரண்டு கடக்கும் புள்ளிகள், அதாவது கணுக்கள், உண்டு: தெற்கிலிருந்து வடக்கே ஏறுவது ஏறு கணு, வடக்கிலிருந்து தெற்கே இறங்குவது இறங்கு கணு. முதலில் பார்க்க வேண்டியது அந்த இடங்களைத்தான்.

கணுக்கள் சூரியனிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கணக்கு பிளஸ் டூ மாணவருக்கு எட்டக்கூடியதே. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத் தரவுத்தளத்தில் அரை நெட்டச்சு (நீள்வட்டப் பாதையின் நீளத்தில் பாதி), மையப்பிறழ்வு (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்ற எண்), ஏறு கணுவிலிருந்து அண்மைப்புள்ளி (சூரியனுக்கு மிக அருகில் வரும் இடம்) வரையிலான கோணம் மூன்றும் கிடைக்கும். ஒன்றிலிருந்து மையப்பிறழ்வின் வர்க்கத்தைக் கழித்து, அரை நெட்டச்சால் பெருக்குங்கள். கோணத்தின் கொசைனை மையப்பிறழ்வால் பெருக்கி, ஒன்றோடு கூட்டி, முதல் விடையை அதால் வகுத்தால் ஏறு கணுவின் தூரம் வரும். கூட்டுவதற்குப் பதில் கழித்தால் இறங்கு கணு.

பூமியை நெருங்கி வரும் அபோஃபிஸ் சிறுகோளுக்கு 0.922, 0.191, 126.6 டிகிரி என்று போட்டால் ஏறு கணு 1.00, இறங்கு கணு 0.80 அலகு. முதல் எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார வேண்டும்: பூமியும் அதே தூரத்தில்தான் சுற்றுகிறது. 2029 ஏப்ரல் 13 அன்று இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அங்கே வருகின்றன. தரையிலிருந்து சுமார் 32,000 கி.மீ. உயரத்தில், டிவி செயற்கைக்கோள்கள் சுற்றும் 36,000 கி.மீ.க்கும் கீழே, அது கடந்து போகும், மோதாது.

கால்குலேட்டர் டிகிரியில் இல்லாமல் ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருந்தால் விடை கோணலாகும். பலரும் சறுக்குவது இங்கேதான். சாய்வு மிகக் குறைவாக இருந்தால் கணுவை விட்டு விலகிய இடத்திலும் பாதைகள் நெருங்கலாம். அபோஃபிஸின் சாய்வே 3.3 டிகிரிதான். எனவே இந்த முறை முதல் சல்லடை மட்டும். எண்கள் எந்தத் தேதிக்கானவை என்பதும் முக்கியம். 2029 சந்திப்பில் பூமியின் ஈர்ப்பு அபோஃபிஸின் பாதையையே மாற்றிவிடும். பிறகு இன்றைய எண்கள் உதவாது.

சிறுகோள்கள் ராசி மண்டலத்துக்குள்ளேயே திரியும் என்று செய்தியில் வந்த வரியும் சரியல்ல. சூரியனைவிடப் பூமி சிறுகோளுக்கு அருகே இருக்கும்போது சாய்வு வானத்தில் இன்னும் பெரிதாகத் தெரியும். தெற்கே இறங்கும்போது பல்லாஸ் ராசிப் பாதையிலிருந்து 50 டிகிரிக்கு மேல்கூட விலகும். 2023 தொடக்கத்தில் அது சிரியஸ் இருக்கும் பெருநாய் விண்மீன் கூட்டத்தில் இருந்தது.

வட ஆற்காட்டு வாசகர்களுக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்தில் 1988 பிப்ரவரி 17 அன்று 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் சிக்கியதுதான் 4130 எண்ணுள்ள ‘ராமானுஜன்’ சிறுகோள். அப்படிப்பட்ட மண்ணில் விற்கும் நாளிதழ், அடுத்த முறை படத்தின் ஓரத்தில் சாய்வையும் இரு கணுக்களின் தூரத்தையும் அச்சிடலாம். மூன்றே எண்கள், அரை அங்குலம் போதும்.

இப்படிக்கு,
வான்நோக்கும் வாசகர்கள் சிலர்,
ஆலங்காயம்.