வெறும் லொறி

வவுனியா,
28.04.2002

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சு மூண்டு கிழமை. பதில் பிந்தினதுக்கு ஏசாதை, றோட்டிலதான் நிண்டனான்.

பெப்ரவரி 22 இல அரசாங்கமும் புலிகளும் போர்நிறுத்தத்துக்குக் கையெழுத்து வைச்சதையும், இந்த மாதம் 8 ஆம் திகதி முகமாலைச் சோதனைச்சாவடி திறந்து ஏ9 றோட்டு யாழ்ப்பாணம் வரைக்கும் போனதையும் அங்கை பேப்பரில வாசிச்சிருப்பாய். 1990 இல பூட்டின பாதை. திறந்ததெண்டால் சும்மா போகலாமெண்டு நினையாதை. ஓமந்தையில ஆமிக்காரர் பார்க்கச் சாமான் முழுக்க இறக்கி ஏத்தவேணும். சூனியப் பிரதேசம் தாண்டினால் புளியங்குளத்தில புலிகளிட்டைத் திரும்பவும் அதே கூத்து. நடுவில செஞ்சிலுவைக்காரர்.

நாங்கள் கொண்டுபோனது அரிசி, மா, சீனி, பால்மா. மாங்குளம் சந்தியில ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பி, பிறகு காட்டுக்குள்ளால ஒரு கிராமம். வழியெல்லாம் மிதிவெடிப் பலகை. கிளீனர் பொடியன் ஒண்டுக்குப் போகவும் தார் விளிம்பை விட்டு இறங்கேல்லை.

கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில இறக்கி முடிய இருட்டிப்போச்சு. வீடுகளில அதே ஜாம் போத்தல் விளக்கு, அதே நூல் திரி. சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவில நாங்கள் ரேடியோ கேட்டது ஞாபகம் வந்துது. செய்தி முடியமுன்னம் நீ களைச்சு நிப்பாட்டிப்போடுவாய், கள்ளன்.

விடிய வெளிக்கிடேக்க ஒரு ஐயா லொறிக்குப் பின்னால வந்து எட்டிப் பார்த்தார். "வெறுமையாவே போறியள் தம்பி?" எண்டார். மாரிப்போக நெல்லு வீட்டுக்குள்ள மூட்டை மூட்டையாக் கிடக்குது. யாவாரி வந்து தான் நினைச்ச விலைக்குத்தான் எடுக்கிறானாம். எங்கடை அனுமதிக் கடிதத்தில உள்ளுக்குக் கொண்டுபோறது மட்டும்தான் எழுதியிருக்கு, வெளியில கொண்டுவாறதைப் பற்றி ஒரு வரியில்லை. எழுதிக் கேட்டவன் நான்தான். எனக்கு அவற்றை முகத்தைப் பார்க்கேலாமல் போச்சு. ட்ரைவர் அண்ணை ரெண்டு பூசணிக்காயை ஏத்திக்கொண்டு, "எங்கடை கறிக்கு" எண்டு ஓமந்தையில சொன்னார். ஆமிக்காரப் பொடியன் ஒண்டைத் தட்டிப் பார்த்துச் சிரிச்சிட்டு விட்டிட்டான்.

இப்ப வேற கடிதம் எழுதிக் குடுத்திருக்கிறன், வரேக்க நெல்லு ஏத்த. நீங்கள் சேர்க்கிற காசையும் பால்மாவுக்கு விடாதைங்கோ, லொறி வாடகைக்கு அனுப்புங்கோ. அங்கத்தைச் சனம் முகம் சுழிக்கும்தான், நீ சொல்லிச் சமாளி.

ஆடியில வாறனெண்டாய். வந்தால் இந்தமுறை கப்பலுமில்லை, கிளாலிக் கடல் தாண்டுற வள்ளமுமில்லை. முறிகண்டியில இறங்கித் தேங்காய் உடைச்சு, கச்சான் கொறிச்சுக்கொண்டு வீட்டை போவம்.

அன்புடன்,
உன்ர பழைய சைக்கிள்காரன்