தேர்தல் வேலை பார்ப்பவரின் ஓட்டு

ஆசிரியருக்கு,

வணக்கம். இழுபறித் தொகுதிகள் பற்றிய கட்டுரையில் 2019 சிதம்பரம் மக்களவைத் தேர்தலைக் குறிப்பிட்டிருந்தீர்கள். தொல். திருமாவளவன் 3,219 வாக்கு வித்தியாசத்தில் அதிமுகவின் சந்திரசேகரை வென்ற தேர்தல். அன்று எங்கள் கடைத்தெருவில் டிவி இருந்த கடையை விட்டு யாரும் நகரவில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் அதே திருமாவளவன் காட்டுமன்னார்கோவிலில் தோற்றது வெறும் 87 வாக்கில். "நான் ஒருத்தன் போடலேன்னா என்ன" என்ற பேச்சு இந்தப் பக்கம் எடுபடாது.

கட்டுரை கூட்டணி, பணம், சாதி என்று அலசிவிட்டுத் தபால் வாக்கை மறந்துவிட்டது. காட்டுமன்னார்கோவில், புவனகிரி, சிதம்பரம் மூன்றும் கடலூர் மாவட்டம். ஆனால் சிதம்பரம் மக்களவைத் தொகுதி. விருத்தாசலமும் நெய்வேலியும் அதே மாவட்டம்தான், ஆனால் கடலூர் தொகுதி. எங்கள் ஊர் வாத்தியாருக்கு விருத்தாசலத்தில் பூத் வேலை போட்டால், சொந்தத் தொகுதிக்கு அவர் தபால் வாக்குதான் போட முடியும். தொகுதிக்குள்ளேயே வேலை என்றால் தேர்தல் பணிச்சான்றைக் காட்டி அந்த பூத்திலேயே போட்டுவிடலாம்.

தபால் வாக்கில் வாக்குச்சீட்டு ஒரு சின்ன உறைக்குள் போகும். 13ஏ என்ற உறுதிமொழிப் படிவம் தனியாக இருக்கும். அதில் வாக்காளர் கையெழுத்தும் அதிகாரியின் சான்றொப்பமும் வேண்டும். இரண்டையும் பெரிய உறையில் போட வேண்டும். எண்ணும் மேசையில் பெரிய உறையைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது 13ஏவைத்தான். அது இல்லையா, கையெழுத்து இல்லையா, சின்ன உறையைத் திறக்கவே மாட்டார்கள். ஊருக்கெல்லாம் விரலில் மை வைத்துவிட்டவரின் ஓட்டு பிரிக்காமலே ஓரம் போய்விடும். ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் 2016இல் வெற்றி வித்தியாசம் 49 வாக்கு. அங்கே 13ஏவில் தலைமை ஆசிரியர்கள் போட்ட சான்றொப்பம் செல்லுமா என்பதே உச்ச நீதிமன்றம் வரை போனது.

வித்தியாசத்தைவிட நிராகரித்த தபால் வாக்குகள் அதிகம் என்றால் அவற்றை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் சொல்லியிருக்கிறது. சரி, அது வேட்பாளருக்கு ஆறுதல். கையெழுத்து விட்டுப்போனவரின் ஓட்டு அதனால் திரும்பி வராது.

இப்போது தேர்தல் பணிக்கான பயிற்சி மையத்திலேயே வாக்களிக்க வசதி வந்திருப்பது நல்லதுதான். ஆனால் வகுப்பு முடிந்ததும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் எல்லோருக்கும். பெட்டிக்குள் போடும் முன் 13ஏவை ஒருவர் வாங்கிப் பார்த்துத் தர அங்கே ஒரு மேசை போடட்டும். அப்புறம், எத்தனை தபால் வாக்குகள் என்ன காரணத்தால் தள்ளப்பட்டன என்று தொகுதிவாரியாக உங்கள் நிருபர்கள் கேட்டு வாங்கி வெளியிடலாமே?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
காட்டுமன்னார்கோவில்