நூற்பாலை முகாம் மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். கோவை, திருப்பூர் வட்டார நூற்பாலைகளில் ஆண்டுப் பரிசோதனை நடத்தும் உங்களுக்கு, ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை எடுப்பதையே வேலையாகக் கொண்டவள் எழுதுகிறேன்.

முகாமில் வரிசை நீளம், நேரம் குறைவு என்பது தெரியும். ஆனாலும் ஒரே ஒருமுறை ஊதச் சொல்லிவிட்டு ‘நார்மல்’ என்று எழுதி அனுப்புவது சோதனை ஆகாது. மூக்கில் கிளிப் மாட்டி, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, மவுத்பீஸை உதடு பிரியாமல் கவ்வி, ஒரே மூச்சில் வெடித்தாற்போல ஊத வேண்டும். பக்கத்தில் நின்று ‘இன்னும், இன்னும்’ என்று நாம் சொல்லச் சொல்ல, காற்று அடங்கும்வரை விடக்கூடாது. பாதியில் நிறுத்தினால் உயிர்ப்புத்திறன், அதாவது முழுதாக இழுத்து ஊதும் மொத்தக் காற்று, குறைவாகக் காட்டும். அந்த மொத்தத்தில் முதல் வினாடியில் வெளிவரும் காற்றின் விகிதமோ பொய்யாக உயர்ந்து, மூச்சுக்குழல் அடைப்பையே மறைத்துவிடும். குறைந்தது மூன்று நல்ல ஊதல்கள் வேண்டும். சிறந்த இரண்டுக்கும் வித்தியாசம் 150 மில்லியைத் தாண்டக்கூடாது.

அதைவிட முக்கியம், எந்த நாளில் எடுக்கிறோம் என்பது. பஞ்சுத்தூசியால் வரும் நுரையீரல் நோயான பிசினோசிஸ், தொடக்கத்தில் வார லீவு முடிந்து வரும் முதல் நாளில்தான் நெஞ்சைப் பிடிக்கும். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூம், சிக்கெடுக்கும் கார்டிங் பகுதி ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். “லீவு முடிஞ்சு வந்த அன்னைக்குத்தானுங்க நெஞ்சு இறுக்குது, அடுத்த நாளு பரவால்லீங்க” என்பார்கள். அந்த நாளில் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் எடுத்தால் முதல் வினாடிக் காற்று சரிவது தெரியும். வாரக் கடைசியில் ஒருமுறை எடுத்தால் அது நழுவிவிடும்.

ஒருவரின் வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கும் அளவில் 80 சதவீதம் இருந்தால் நார்மல் என்கிறோம். வேலைக்குச் சேர்ந்தபோது 110 சதவீதம் ஊதியவர் 85க்கு இறங்கினாலும் தாளில் நார்மல்தான். அவரோ கிட்டத்தட்டக் கால் பங்கை இழந்துவிட்டார்! நடுவயதில் யாருக்கும் முதல் வினாடிக் காற்று ஆண்டுக்குச் சுமார் 30 மில்லி குறையும். அதற்கு மேல் போகிறதா என்று பார்க்கப் பழைய தாள் வேண்டும். அது ஆலை ஃபைலில் கிடக்கிறது, ஆளோ வேறு ஆலைக்குப் போய்விடுகிறார்.

உயிர்ப்புத்திறன் குறைந்தவர்களைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஏனென்றால், ஊதி முடித்த பிறகும் நுரையீரலில் நிற்கும் எஞ்சிய கொள்ளளவை ஸ்பைரோமீட்டரால் அளக்க முடியாது. அடைப்பு முற்றியவர்களுக்கு அது பெருகி, உயிர்ப்புத்திறனைக் குறைத்திருக்கும்.

அடுத்த முகாமை வார லீவுக்கு மறுநாள் வையுங்கள். லிட்டர் கணக்கோடு அச்சிட்ட தாளைத் தொழிலாளியின் கையிலேயே கொடுங்கள். நாளை ஈ.எஸ்.ஐ.யில் இழப்பீடு கேட்கப் போனால் அவரிடம் காட்டுவதற்கு அதுவாவது இருக்கும்.

இப்படிக்கு,
ஸ்பைரோமெட்ரி டெக்னீஷியன் ஒருவர்