தொட்டித் தண்ணீர் பற்றி

சேலம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்விக்கு,

கடிதம் கிடைத்தது. இந்த வருஷம் மிளகு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று படித்ததில் சந்தோஷம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, உன்னை விசாரித்தாள்.

ஹாஸ்டல் தொட்டி பச்சையாகி மண்வாடை அடித்ததும் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டினேன் என்று எழுதியிருந்தாயே, அதிலிருந்து மனசு கேட்கவில்லை. அந்த வாடைக்குக் காரணம் பெரும்பாலும் பாசி விடும் ஜியோஸ்மின் என்ற வாசனைப் பொருள். அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. பயமெல்லாம் நீலப்பச்சைப் பாசியை நினைத்துத்தான். அதில் சில வகை, மைக்ரோசிஸ்டின் என்ற ஈரலைக் கெடுக்கும் நஞ்சைத் தன் செல்லுக்குள் வைத்திருக்கும். பிளீச்சிங் பவுடரில் இருக்கும் குளோரின் பட்டுச் செல் உடைந்தால் நஞ்சு தண்ணீரில் கலந்துவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது. நீண்ட காலம் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு.

அதனால்தான் எங்கள் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பாசியைக் கொல்லாமல் முழுசாக வெளியேற்று என்கிறோம். மேட்டூர் அணையில் தண்ணீர் தேங்கிப் பண்ணவாடிப் பக்கம் பச்சை படரும்போதெல்லாம் எங்களுக்கு ஜார் டெஸ்ட்தான் கதி. ஆறு குவளையில் ஆறு அளவாய்ப் படிகாரம் விட்டு, முதலில் வேகமாக, பிறகு மெதுவாகக் கலக்குவோம். எதில் பாசி திப்பி திப்பியாய்த் திரண்டு தெளிகிறதோ, அந்த அளவு. வெயில் ஏற ஏறப் பாசி கரியமில வாயுவை உறிஞ்சி தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 9-ஐத் தாண்டவைக்கும், படிகாரம் சரியாகப் பிடிக்காது. காலையில் பிடித்த அளவு மதியம் உதவாது. திரண்ட பாசியும் லேசானது, சட்டென்று அடியில் உட்காராமல் மிதக்கும். சில நிலையங்களில் நுண்ணிய காற்றுக்குமிழ் விட்டு மேலே தூக்கி வழித்தே எடுத்துவிடுகிறார்கள், எனக்கு அந்த முறைதான் பிடிக்கும். தப்பியது மணல் வடிகட்டியை அடைத்துக்கொள்ளும், தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அதைக் கழுவும் பேக்வாஷ் செய்து மாளாது. குளோரின் இதற்கெல்லாம் பிறகுதான்.

உன் தொட்டிக்கு இத்தனை வேண்டாம். அந்தத் தண்ணீரைப் பிள்ளைகள் குடிக்கவோ சமைக்கவோ கொடுக்காதே. மேலாக ஒரு பாட்டில் எடுத்து, கறுப்புத்தாள் சுற்றி, ஐஸில் வைத்து பஸ்ஸில் அனுப்பு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்கிறேன். பிறகு தொட்டியைக் காலி செய்து சுவரைத் தேய்த்துக் கழுவு. வெளிச்சம் புகாத மூடி கட்டாயம் போடு, வெயில் படாவிட்டால் பாசி வளராது. மூடிக்குப் பணம் ஒதுக்க நிர்வாகம் தயங்கினால் இந்தக் கடிதத்தையே காட்டு.

அன்புடன்,
கலா