லோசனை அடிக்குறிப்பிலிருந்து மேலே ஏற்றுங்கள்

அப்பாச்சிப் போர்களின் வரலாற்றை எழுதும் அறிஞர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க, மெக்சிகோப் படைகளை எதிர்த்து நின்ற அப்பாச்சிப் பழங்குடித் தலைவர்கள் ஜெரோனிமோவைப் பற்றியும் விக்டோரியோவைப் பற்றியும் நீங்கள் எழுதுவதைத் தேடிப் படிக்கும் வாசகர்களில் நானும் உண்டு. எந்தப் படை எந்தக் கணவாய் வழியாகப் போனது, எத்தனை கோவேறு கழுதைகளை ஓட்டிச் சென்றது என்பது வரை சொல்லிவிடுகிறீர்கள். விக்டோரியோவின் தங்கையும் போராளியுமான லோசன் வந்து நின்றதும் மட்டும் உங்கள் நடை மாறிவிடுகிறது. “நம்பப்படுகிறது”, “வாய்மொழிக் கதைகளின்படி” என்று இழுக்கிறீர்கள். சிலர் அவரை அடிக்குறிப்பில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறீர்கள். படைத்துறைத் தாள்கள் அவருடைய போர்த்திறத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதுதானே காரணம்?

அந்தத் தாள்களையே எடுத்துப் பாருங்கள். 1886 ஆகஸ்டில் அமெரிக்க ராணுவத்தின் லெப்டினன்ட் சார்லஸ் கேட்வுட் ஜெரோனிமோவைத் தேடி மெக்சிகோவின் சோனோராவில் அலைகிறார். ஃப்ரோந்தெராஸ் ஊருக்கு இரண்டு அப்பாச்சிப் பெண்கள் வந்து சமாதானப் பேச்சைத் தொடங்கிவிட்டு, உணவும் மெஸ்கால் மதுவும் வாங்கிப் போனார்கள் என்று கேள்விப்படுகிறார். அவர்கள் போன தடத்தைப் பிடித்துத்தான் அந்தக் கூட்டத்தை எட்டுகிறார். செப்டம்பர் 4 அன்று ஜெரோனிமோ சரணடைந்தார். கேட்வுட்டின் கணக்கில் அவர்கள் வெறும் இரண்டு பெண்கள், அவ்வளவுதான். லோசனும் தாஹ்தெஸ்தே என்ற இன்னொரு அப்பாச்சிப் பெண்ணும்தான் அவர்கள் என்று இன்று பலர் எழுதுகிறார்கள். அது சரியா என்று தாராளமாக வாதிடலாம். ஆனால் கேட்வுட்டின் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாதிட முடியாது.

அப்பாச்சிகளும் நெடுங்காலம் வாய் திறக்கவில்லை, உண்மைதான். இறந்தவரின் பெயரை உச்சரிப்பது அவர்கள் மரபில் தகாது. மணமாகாத பெண் ஆண்களோடு போருக்குப் போனாள் என்று தெரிந்தால் வெள்ளையர் என்ன கதை கட்டுவார்களோ என்ற தயக்கமும் இருந்ததாகச் சொல்கிறார்கள். அதற்கும் மேல், 1886 முதல் 1913 வரை 27 ஆண்டுகள் லோசனின் மக்களான சிரிகாவா அப்பாச்சிகள் அமெரிக்காவின் போர்க்கைதிகள். புளோரிடா, அலபாமா, பிறகு ஒக்லஹோமா. (ஜெரோனிமோவிடம் பேசிச் சரணடைய வைத்த, ராணுவத்தின் அப்பாச்சிச் சாரணர்கள் காயிட்டாவையும் மார்ட்டினையும்கூடச் சேர்த்தே ரயிலேற்றினார்கள். ராணுவத்தின் நன்றி அப்படி.) கைதியாக இருப்பவர், காவலரிடம் போய் “இதோ இந்தப் பெண்ணும் துப்பாக்கி எடுத்தவள்தான்” என்று காட்டிக் கொடுப்பாரா? லோசன் 1889இல் அலபாமாவின் மவுண்ட் வெர்னன் முகாமில் காசநோயால் இறந்தார். புதைத்த இடத்துக்கு அடையாளம்கூட இல்லை.

பேச்சு வெளியே வந்தது நியூ மெக்சிகோவின் ருயிதோசோவில், மெஸ்கலேரோ அப்பாச்சிகளின் ஒதுக்கிடத்துக்குப் பக்கத்தில் குடியேறிய ஈவ் பால் என்ற ஆசிரியை காது கொடுத்துக் கேட்டதால். அவரிடம் பேசியவர்களில் ஜேம்ஸ் கேவேக்லா சிறு பிள்ளையாக விக்டோரியோவின் கூட்டத்தோடு ஓடியவர். அவர் சொன்ன காட்சி இது. ரியோ கிராண்டே ஆற்றில் வெள்ளம். பெண்களும் பிள்ளைகளும் கரையில் அஞ்சி நிற்கிறார்கள். துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி லோசன் குதிரையைத் தண்ணீரில் இறக்க, மற்றவர்கள் பின்னாலேயே இறங்குகிறார்கள். எல்லோரையும் அக்கரை சேர்த்த கையோடு அவர் போராளிகளிடம் திரும்பிவிடுகிறார். இதைப் பாட்டியோடு குதிரையில் இருந்தபடி கண்டவர் சொல்கிறார்.

சொன்னவர் அன்று சிறுவன். சொன்னது எழுபது ஆண்டு கழித்து. எழுதியவர் மொழியைச் செப்பனிட்டிருக்கிறார். பெரியவர்கள் சொல்லிக் கேட்டதும் தானே கண்டதும் கலந்திருக்கும். இந்தக் கேள்விகளையெல்லாம் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பு அறிக்கைகளிடமும் இதே கறாரோடு கேட்கிறீர்களா? 1880 அக்டோபரில் மெக்சிகோவின் சிவாவா மாநிலத்து த்ரேஸ் காஸ்தியோஸ் குன்றுகளில் ஹொவாக்கின் தெர்ராசாஸின் மெக்சிகோப் படை விக்டோரியோவைச் சூழ்ந்தது. 78 பேர் கொல்லப்பட்டார்கள், 68 பேர் பிடிபட்டார்கள். விக்டோரியோவைச் சுட்டவர் மவுரிசியோ கொர்ரெதோர் என்ற தராஉமாராப் பழங்குடி வீரர் என்று மெக்சிகோத் தரப்பு எழுதி, அவருக்குப் பரிசும் கொடுத்தது. தன் கத்தியாலேயே உயிரை விட்டார் என்கிறார்கள் அப்பாச்சிகள். அப்பாச்சித் தலைத்தோலுக்குக் காசு எண்ணிக் கொடுத்த மாநிலம் சிவாவா. அங்கே எழுதிய சாவுக் கணக்கில் எழுதியவரின் ஆதாயம் எதுவும் இல்லையா? அந்தப் படுகொலையில் தாய் கூயனோடு தப்பியவர் கேவேக்லா. லோசன் அன்று அங்கே இல்லை. நிறைமாதப் பெண் ஒருத்தியை மெஸ்கலேரோவில் அவள் உறவினரிடம் கொண்டுசேர்க்கப் போயிருந்தார் என்பதும் அதே வாய்மொழிதான்.

அடுத்தது அவருடைய சக்தி. கைகளை விரித்து உள்ளங்கையை மேலே காட்டி, உஸ்ஸென் என்ற படைத்தவனைப் பாடி வேண்டியபடி லோசன் மெல்லச் சுற்றுவாராம். எதிரி இருக்கும் திசையில் உள்ளங்கை குறுகுறுக்கும், நிறம் மாறும். எதிரி எவ்வளவு தூரத்தில் என்பதும் அதிலேயே தெரியும். போர்த்திறத்தை ஒருவாறு ஏற்றுக்கொள்பவர்கள்கூட இந்த இடத்தில் கத்தரிக்கோலை எடுக்கிறீர்கள். நானும் இதை நம்புகிறேன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த உள்ளங்கையை நம்பியவர்கள் அதை வைத்துத்தானே எந்தப் பக்கம் போவது, எங்கே தங்குவது என்று முடிவெடுத்தார்கள்? படை நகர்ந்த காரணத்தை வெட்டிவிட்டு வழியை மட்டும் வரைபடத்தில் போட்டால் எப்படி?

ஜெரோனிமோவுக்கு இந்தக் கத்தரி கிடையாது. 1883இல் மெக்சிகோவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையிலிருந்த கத்தியை நழுவவிட்டு, “தொலைவில் இருக்கும் நம் முகாம் அமெரிக்கப் படையிடம் சிக்கிவிட்டது” என்று சொன்னார். அது மெய்யாகவே நடந்திருந்தது. ஜெரோனிமோவின் உறவினர் ஜேசன் பெட்ஸினெஸ் சொன்ன இந்த நிகழ்ச்சியை நீங்கள் ரசித்து எடுத்தாள்கிறீர்கள். பெட்ஸினெஸின் நினைவுகள் அச்சானது 1959இல், அவர் நூறை நெருங்கியபோது, ஒரு ராணுவ அதிகாரி செப்பனிட. கேவேக்லாவின் நினைவுகளும் ஏறக்குறைய அதே காலத்தவை, அதே வகையில் வந்தவை. ஒன்று சான்று, மற்றது கதை என்று பிரித்தது எந்த அளவுகோல்?

அடுத்த பதிப்பில் “புராணக்கதை” என்ற சொல்லை எடுத்துவிட்டு, யார் சொன்னார், யாரிடம், எப்போது என்று லோசனைப் பற்றிய ஒவ்வொரு செய்தியோடும் எழுதுங்கள். 1886 செப்டம்பர் 10 அன்று டெக்சாஸின் நுவேசஸ் ஆற்றருகே, நின்ற ரயிலின் பக்கச் சரிவில் கைதிகளை உட்காரவைத்து எடுத்த படத்தை நீங்கள் எல்லோரும் அச்சிடுகிறீர்கள். அதில் லோசனை அடையாளம் காட்டுகிறார்கள். படக்குறிப்பில் அவர் பெயரையும் சேருங்கள்.

இறந்தவர் பெயரைச் சொல்லாத மக்களின் பெண்ணை ஊரறிய எழுதச் சொல்கிறேனே என்ற உறுத்தல் எனக்கும் உண்டு. ஆகவே மெஸ்கலேரோவிலும் ஒக்லஹோமாவிலும் வாழும் அவர்களின் வழித்தோன்றல்களிடம் கையெழுத்துப்படியைக் கொடுத்துக் கேளுங்கள், அச்சுக்குப் போகும் முன்பே. இதைச் சொல்லாதே என்று அவர்கள் சொல்லும் பகுதி இருந்தால், அதை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்களில் ஒருவர்