கரிச்சட்டியும் காற்றுத்துளையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்டார்டிகா செல்லும் இந்தியக் குழுவினருக்கு உத்தராகண்டின் அவுலியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் அளிக்கும் பயிற்சியைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பனிப்பிளவில் விழுந்தவரைக் கயிறு கட்டித் தூக்குவது விரிவாகவே எழுதப்பட்டிருந்தது. அண்டார்டிகாவில் உள்ள இந்திய ஆய்வு நிலையமான மைத்ரியில் ஒரு குளிர்காலம் முழுவதும் ஜெனரேட்டர் மெக்கானிக்காக வேலை பார்த்தவன் என்ற முறையில், அதில் விடுபட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தது கூடாரத்தின் காற்றுத்துளையைப் பற்றித்தான். பனி அதை மூடிவிட்டால், உள்ளே எரியும் அடுப்பு போதிய ஆக்சிஜன் கிடைக்காமல் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். நிறமோ மணமோ இல்லாத அந்த வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம். 1990-இல் நம் நாட்டுக் குழுவினர் நால்வர் அண்டார்டிக் முகாமில் உயிரிழந்தது இந்த வாயுவால்தான். இரவில் முறைவைத்து ஒருவர் விழித்திருந்து, குச்சியால் துளையைக் குத்தித் திறந்துவிட வேண்டும். தவறியவரைப் பயிற்சியாளர் அன்றிரவு படுக்கவே விடமாட்டார்.

மூணாறுக்குத் திரும்பிய பிறகுதான் அந்தக் கண்டிப்பின் அருமை எனக்கு முழுதாக விளங்கியது. ஜனவரியில் தேயிலைச் செடிகளின் மேல் உறைபனி படியும் நாட்களில், கதவிடுக்கில் சாக்கைச் செருகி, ஜன்னலை அடைத்து, கரிச்சட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குவது எங்கள் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வழக்கம். புகை அடங்கிக் கனல் சிவந்துவிட்டால் பயமில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். கண்ணைக் கரிக்கும் புகையாவது நம்மை எழுப்பிவிடும். அது அடங்கிய பிறகும் கனல் அந்த வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் பக்கத்து வீட்டுக் கதவை உடைத்து, பாட்டியையும் பேத்தியையும் வாசலில் கிடத்தினோம். பேத்தி கண் விழித்தாள், பாட்டி விழிக்கவில்லை. அறைக்குள் துளிப் புகைகூட இல்லை. சாம்பலுக்கு அடியில் கனல் மட்டும் இருந்தது.

ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்தால் மட்டும் போதாது; படுக்கும் முன் சட்டியை வெளியே வைத்துவிட வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் குளிர்காலத்துக்கு முன்பே கூடுதல் கம்பளி வழங்கவும், தங்கும் விடுதிகள் அறைக்குள் கரி மூட்டுவதை அடியோடு தடை செய்யவும் வேண்டும். தங்கள் நாளிதழ் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் தொடக்கத்தில் இதைப் பெட்டிச் செய்தியாக வெளியிட்டால் பெரும் உதவியாக இருக்கும். எந்த லயத்தில், எந்தப் பள்ளியில் அழைத்தாலும் வந்து விளக்கிச் சொல்ல நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர்,
மூணாறு, இடுக்கி மாவட்டம்.