நெற்றும் தெளிப்பும்

அன்பு மகள் கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சம்பா பால் முற்றி நிற்கிறது. தை பிறந்ததும், நெல்லை அறுக்கும் முன்பே அதற்குள் உளுந்து தெளிக்க வேண்டும். ஏ.டி.டி. 3 ரக உளுந்து விதை, ஏக்கருக்கு 12 கிலோ கணக்கில் வாங்கி வைத்திருக்கிறேன்.

போன வாரம் போனில் "பாட்காஸ்ட் ஆரம்பிச்சிருக்கேன்ப்பா" என்றாய். அது என்ன பேர் என்று கேட்டதற்கு, பாட்டுக் கேட்கிற சின்னக் கருவியான ஐபாடையும், ஒலிபரப்புக்கு ஆங்கிலத்தில் சொல்கிற பிராட்காஸ்டையும் ஒட்டின பேர் என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினாய். சரி, அது உண்மைதான். 2004 பிப்ரவரியில் கார்டியன் பத்திரிகையில் பென் ஹேமர்ஸ்லி என்பவர் எழுதிய கட்டுரையில் வந்திருக்கிறது. பேச்சைப் பதிவு செய்து இணையத்தில் போடுகிற இந்தப் புது வழக்கத்தை எப்படி அழைப்பது என்று மூன்று பேர்களைக் கேள்விக்குறியோடு போட்டிருக்கிறார், அதில் ஒன்று இது. ஐபாட் தயாரிப்பு 2022இல் நின்றேபோனது. பேர் நிற்கிறது.

ஆனால் என் மனசு நின்ற இடம் வேறு, கண்ணு. பிராட்காஸ்ட் வானொலிக்காரர்கள் உண்டாக்கிய சொல் இல்லை. உழவர் சொல். விதையைக் கையில் அள்ளி வயல் முழுக்க வீசித் தெளிப்பதற்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பேர். 1920களில் வானொலி அதை இரவல் வாங்கிக்கொண்டது. தந்தியும் தொலைபேசியும் ஒவ்வொரு விதையாகப் பார்த்து ஊன்றுவது போல, இன்னாருக்கு என்று போய்ச் சேரும். தெளிப்பில், எந்த விதை எங்கே விழும் என்று வீசுகிற கைக்குத் தெரியாது.

அதைவிட ஆச்சரியம், பாட் என்றாலே நெற்று. உளுந்து, பட்டாணி மணிகளை மூடியிருக்கும் கூடு. அதைப் பார்த்துத்தான் விண்கலத்திலிருந்து பிரிந்து போகிற சின்னக் கலத்துக்கும் அந்தப் பேர். ஒரு விண்வெளிப் படத்தில் வரும் அந்தக் கலம் நினைவுக்கு வந்து, விளம்பர எழுத்தாளர் ஒருவர் 2001இல் ஐபாடுக்குப் பேர் சொன்னாராம்.

உன் அப்பாயி இடுப்பில் கூடையோடு நெற்பயிருக்குள் நடந்து தெளிப்பார், நீ பின்னாலேயே போவாய். நினைவிருக்கிறதா?

பொங்கலுக்கு வரும்போது மைக்கையும் எடுத்து வா, இரண்டு நாள் கூடவே தங்கு. மண்ணில் ஈரம் இருக்கும்போதே தெளித்துவிடுவோம். விதை கதிர்களில் பட்டு உள்ளே இறங்கும்போது சலசலவென்று ஒரு சத்தம் வரும். தெளிக்கிறவர் காதுக்கு மட்டும்தான் அது கேட்கும். நீ என் பக்கத்திலேயே நடந்து வந்து பதிவு செய்துகொள்.

அன்புடன்,
அப்பா